உருண்டையும் எல்லைக்கோடும்: சியோல் நகரில் குலுக்கல் சேர்க்கையின் வரலாறு

பெயர்பெற்ற அரசுப் பள்ளியொன்றில் இருக்கும் இடங்களைவிட அவற்றை நாடுவோர் பல மடங்கு மிகுந்திருக்கையில், அவ்விடங்களை யாருக்கு எந்த முறையில் பங்கிடுவது என்ற கேள்வியைப் பல நாட்டு நகரங்கள் சந்தித்திருக்கின்றன. அதற்குக் குலுக்கலே விடை என்று முடிவு செய்து, அதை முதலில் ஒரு தலைநகர் முழுவதற்கும் பின்னர் நாட்டின் பெரும்பாலான நகரங்களுக்கும் விதியாக்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் நாடு தென்கொரியா. ஒன்றிரண்டு பள்ளிகளில் மட்டும் சீட்டெடுத்துப் பார்ப்பது எளிது. நாட்டின் தலைசிறந்தவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பள்ளிகளின் வாயிலிலேயே தேர்வை நிறுத்திவிட்டுத் திருவுளச்சீட்டை வைப்பது வேறு வகையான துணிவு. அந்தத் துணிவு எதனால் பிறந்தது, அது எதைத் தீர்த்தது, தீர்க்காமல் விட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்பவற்றைச் சியோலின் வரலாறு ஓரளவு தெளிவாகவே காட்டுகிறது.

கொரியப் பள்ளிக் கல்வி ஆறாண்டுத் தொடக்கப் பள்ளி, மூன்றாண்டு நடுநிலைப் பள்ளி, மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளி என்ற அடுக்குகளால் ஆனது. 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிவுற்றபின் புதிய அரசு தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. 1950-இல் தொடங்கிய அத்திட்டம் உடனே மூண்ட போரால் தடைப்பட்டாலும், போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலேயே, அதாவது 1950களின் இறுதிக்குள், ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளியில் சேர்ந்துவிட்டனர். வறுமை மிகுந்த அக்காலத்தில் இது வியக்கத்தக்க சாதனை என்றபோதிலும், அடுத்த அடுக்கான நடுநிலைப் பள்ளிகளை அதே வேகத்தில் கட்ட அரசிடம் பணம் இல்லாததால், அகன்ற அடியும் குறுகிய கழுத்துமாக ஓர் அமைப்பு உருவானது. கழுத்தில் யார் நுழைவது என்பதை ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்குமான நுழைவுத் தேர்வு முடிவு செய்தது. பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒரு நாள் எழுதும் அந்தத் தேர்வே அதன் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியை முன்கூட்டியே வரைந்துவிடும் என்று பெற்றோர் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்யும் அல்ல.

ஏனெனில் பள்ளிகளிடையே ஓர் ஏணி இருந்தது. அதன் உச்சியில் 1900-இல் அரச ஆணையால் தொடங்கப்பட்டு, சியோலின் பழைய மேட்டுக்குடிக் குடியிருப்பான புக்சோன் பகுதியில் இயங்கிய கியொங்கி பள்ளி நின்றது. அதை அடுத்து கியொங்போக், சியோல் உயர்நிலைப் பள்ளி, பெண்களுக்கான கியொங்கி மகளிர் பள்ளி முதலியவை வந்தன. இவை பெரும்பாலும் அரசுப் பள்ளிகள், கட்டணம் குறைந்தவை, சட்டப்படி யாருக்கும் திறந்தவை. கியொங்கி நடுநிலைப் பள்ளியில் நுழைந்தவர் கியொங்கி உயர்நிலைப் பள்ளிக்கும், அங்கிருந்து சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும், அதன்பின் அமைச்சகத்துக்கோ வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ செல்வது வழக்கமாகிவிட்டதால், இப்பாதையில் வந்தவர்களை மக்கள் ‘கே.எஸ். முத்திரை’ பெற்றவர்கள் என்று அழைத்தனர். தொழிற்சாலைப் பொருட்களின் தரத்துக்கு அரசு இடும் முத்திரையின் பெயரும் அதுவே. அவ்விரு எழுத்துகள் கியொங்கியையும் சியோலையும் ஒருங்கே குறித்தன என்பதில் கேலியும் ஏக்கமும் சரிபாதியாகக் கலந்திருந்தன.

இந்த ஏணியின் அடிப்படியில் நின்ற குழந்தைகளின் நிலையைக் குறிக்க ‘ஆறாம் வகுப்பு நோய்’ என்ற சொல் 1960களில் நாளிதழ்களில் இயல்பாகப் புழங்கியது. ஒரே வகுப்பறையில் எண்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து அமர்ந்திருந்த நகரத் தொடக்கப் பள்ளிகளில், பாடவேளை முடிந்தபின் வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்கு அதே ஆசிரியரோ வேறொருவரோ இரவு வரை தனிப்பயிற்சி அளித்தனர். நுழைவுத் தேர்வில் இல்லாத பாடங்கள் ஆறாம் வகுப்பில் பெயரளவுக்கே நடந்தன. தேர்வு திறமையை மட்டுமே அளக்கிறது, ஆகவே அதுவே நியாயமான முறை என்ற வாதம் அன்றும் இருந்தது. ஆனால் தேர்வுக்கு ஆயத்தமாகும் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியிருந்த ஓர் ஏழை நாட்டில் அவ்வாதம் பாதி உண்மையாகவே இருக்க முடியும்.

அந்தப் பாதியையும் ஒரு முள்ளங்கி உடைத்தது. 1964 டிசம்பரில் நடந்த சியோல் நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வின் அறிவியல் தாளில், ‘யொத்’ எனப்படும் அரிசி மிட்டாயைக் காய்ச்சும்போது முளைகட்டிய பார்லிக்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம் என்றொரு வினா இடம்பெற்றது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் டயஸ்டேஸ் என்னும் நொதியே அதிகாரிகள் தீர்மானித்த விடை. கொடுக்கப்பட்ட பிற விடைகளுள் முள்ளங்கிச் சாறும் ஒன்று. முள்ளங்கிச் சாற்றில் அந்த நொதி இருக்கிறது என்பதைப் பாடநூலே குறிப்பிட்டிருந்தது. ஒரே வினாவில் வாய்ப்பிழந்த குழந்தைகளின் பெற்றோர் முதலில் மனுக் கொடுத்தனர். பயனில்லாமற் போகவே முள்ளங்கிச் சாற்றைக் கொண்டு மெய்யாகவே யொத் காய்ச்சி, அதைச் சட்டியோடு கல்வி அலுவலகத்துக்குத் தூக்கிச் சென்று அதிகாரிகளைத் தின்னச் சொன்னார்கள். கொரிய மொழியில் ஒருவரை யொத் தின்னச் சொல்வது கடுமையான வசை என்பதால் அந்தக் காட்சிக்கு இரட்டைக் காரம் இருந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 1965 மார்ச்சில் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள் கல்வியாண்டு தொடங்கியபின் கியொங்கி முதலான பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். உயர் கல்வி அதிகாரிகள் சிலர் பதவி இழந்தனர். மூன்றாண்டுகளுக்குப்பின், 1967 டிசம்பரில், மரச்செதுக்கு ஓவியத்துக்கான கத்தியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற ஓவியத் தாள் வினா அதேபோன்ற மற்றொரு கலகத்தை எழுப்பியது. இரு விடைகளையும் சரியென ஏற்றுக்கொண்ட பள்ளிகளில் இடமிழந்தோரின் பெற்றோர் முற்றுகையிட்டனர், வழக்குத் தொடுத்தனர்.

இவ்விரு நிகழ்வுகளும் பிற்காலத்தில் வேடிக்கைக் கதைகளாகச் சொல்லப்படுவதால் அவற்றின் உட்பொருள் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. உச்சிப் பள்ளிகளின் தகுதி மதிப்பெண் முழு மதிப்பெண்ணை ஒட்டி நின்ற நிலையில், சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வினா, சில வேளைகளில் ஒரு வினாவின் சொல்லமைப்பு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த எல்லையில் தேர்வு ஏற்கெனவே குலுக்கலாகத்தான் இருந்தது; தோற்றவர் அதைத் தன் அறிவின் குறை என்று நம்ப வேண்டியிருந்தது ஒன்றே வேறுபாடு.

1968 ஜூலை 15 அன்று கல்வி அமைச்சர் குவோன் ஓ-பியோங், நடுநிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு அடியோடு ஒழிக்கப்படுவதாக அறிவித்தார். 1969-இல் சியோலிலும், 1970-இல் பூசான், தேகு உள்ளிட்ட பெருநகரங்களிலும், 1971-இல் நாடு முழுவதிலும் தேர்வில்லாச் சேர்க்கை நடைமுறைக்கு வரும் என்பதே திட்டம். குழந்தைகளின் உடல்மன வளர்ச்சியைக் காப்பது, தொடக்கக் கல்வியை இயல்புநிலைக்குக் கொண்டுவருவது, மிகையான தனிப்பயிற்சியை நிறுத்துவது, பள்ளிகளிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் போக்குவது, குடும்பங்களின் செலவைக் குறைப்பது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. முன்னறிவிப்பில்லாத, விவாதத்துக்கு இடமளிக்காத அறிவிப்பு அது. ராணுவப் புரட்சியின் வழியே வந்த அதிபர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சிக்கு அத்தகைய அறிவிப்புகள் பழக்கமானவை. ஆயினும் செய்தி பரவிய நாளில் தொடக்கப் பள்ளி மாணவர்களும் தாய்மார்களும் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர் என்பதை அக்கால இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

1969 பிப்ரவரியில் சியோலின் ஆறாம் வகுப்பு முடித்த மாணவர்கள் பள்ளி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டனர். பள்ளி வட்டாரம் என்பது ஒரு பகுதியில் வாழும் மாணவர்களையும் அவர்கள் செல்லக்கூடிய பள்ளிகளையும் ஒரே தொகுதியாக்கும் நிர்வாக எல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் கைப்பிடியால் சுழற்றும் மரப்பெட்டியொன்று வைக்கப்பட்டு, அதற்குள் கிங்கோ மரத்தின் கொட்டையளவுள்ள எண்ணிடப்பட்ட உருண்டைகள் போடப்பட்டன. அதிகாரிகள் தொடவில்லை, குழந்தையே வரிசையில் வந்து பெட்டியைச் சுழற்றியது, வெளியே விழுந்த உருண்டையின் எண்ணுக்குரிய பள்ளியே அதன் பள்ளி. சுழல்வதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லான ‘பெங்பெங்கி’ அன்று முதல் இந்த முறைக்கும், இம்முறையில் பள்ளி சென்ற தலைமுறைக்கும் பெயராகிவிட்டது. குழந்தையின் கையாலேயே சுழற்றச் செய்தது வெறும் சடங்கு அன்று என்பதைக் குறிப்பிட வேண்டும்: வினாத்தாளைத் தயாரித்தவரையும் திருத்தியவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்த பெற்றோர், தம் பிள்ளை சுழற்றிய பெட்டியின்மீது வழக்குத் தொடுக்க முடியாது.

குலுக்கல் தொடங்கியபோதே அரசு வேறொன்றையும் செய்தது. கியொங்கி, சியோல், கியொங்போக் முதலிய முதல்வரிசைப் பள்ளிகளின் நடுநிலைப் பிரிவுகளைப் படிப்படியாக மூடியது. எல்லோரும் விரும்பும் ஒன்றைக் குலுக்கலில் வைத்தால் இழந்தோரின் மனக்குறை ஓயாது, ஆகவே விரும்பப்படும் பொருளையே அகற்றிவிடுவது நல்லது என்பது அந்த முடிவின் தருக்கம். சம வாய்ப்பு என்ற கொள்கையும் சமமான பள்ளி என்ற கொள்கையும் வேறுவேறு என்பதை அவ்வாட்சியாளர்கள் உணர்ந்திருந்தனர் என்றே இதைக் கொண்டு கருத இடமுண்டு. முதலாவது இல்லாமல் இரண்டாவது வரலாம். இரண்டாவது இல்லாத முதலாவது வெறும் பரிசுச்சீட்டு.

தேர்வின் நெருக்கடி மறைந்துவிடவில்லை, மூன்றாண்டு மேலே நகர்ந்தது. தடையின்றி நடுநிலைப் பள்ளிக்கு வந்து நிறைந்த மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் கூடினர். ‘ஆறாம் வகுப்பு நோய்’ என்ற சொல் வழக்கொழிந்து, நடுநிலையின் இறுதி வகுப்பைச் சுட்டும் ‘மூன்றாமாண்டு நோய்’ அதன் இடத்தைப் பிடித்தது. எனவே 1973 பிப்ரவரி இறுதியில் கல்வி அமைச்சர் மின் குவான்-சிக் இரண்டாம் சீர்திருத்தத்தை அறிவித்தார். கொரியர்கள் இதைச் ‘சமப்படுத்தல்’ என்ற பெயரால் அறிவர். 1974-இல் சியோலிலும் பூசானிலும், மறு ஆண்டு தேகு, இஞ்சியோன், குவாங்ஜு நகரங்களிலும் அது நடைமுறைக்கு வந்தது. இங்கே தேர்வு முற்றிலும் நீக்கப்படவில்லை: மாணவர் அனைவரும் ஒரே பொதுத் தேர்வை எழுதினர், உயர்நிலைப் பள்ளிகளில் உள்ள மொத்த இடங்களின் அளவுக்கு மதிப்பெண் வரிசைப்படி தகுதியாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர், அந்தத் தகுதியாளர்களுள் யார் எந்தப் பள்ளிக்குச் செல்வது என்பதை மட்டும் குலுக்கல் முடிவு செய்தது. 1972-இல் அவசரநிலை அறிவித்து, குடிமக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்த அதே ஆட்சி, அடுத்த ஆண்டே பள்ளிச் சேர்க்கையில் இத்தகைய சமத்துவத்தை நிலைநாட்டியது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அதிபரின் மகன் 1958-இல் பிறந்தவர், 1974-இல்தான் உயர்நிலைப் பள்ளியில் நுழைந்தார் என்பதால் திட்டமே அவருக்காகக் கொண்டுவரப்பட்டது என்ற வதந்தி அன்றிலிருந்து இன்றுவரை வழங்குகிறது. ஓர் ஆட்சியின் நோக்கத்தை மக்கள் எந்த அளவுக்கு நம்பினர் என்பதற்கு வதந்தி சான்றாகலாம், நோக்கத்துக்கே அது சான்றாகாது.

இச்சீர்திருத்தத்தின் மிகத் துணிவான கூறு அரசுப் பள்ளிகளைத் தொட்டதன்று. சியோலின் உயர்நிலைப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை தனியார் அறக்கட்டளைகளாலும் சமய அமைப்புகளாலும் நடத்தப்பட்டவை. அவையும் குலுக்கலுக்குள் கொண்டுவரப்பட்டன. மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கட்டணத்தைத் தாமே விதிக்கும் உரிமையையும் அவை இழந்தன. ஈடாக, பற்றாக்குறையை அரசு மானியம் நிரப்பும் ஏற்பாடு வளர்ந்தது. இதன் முக்கியத்துவம் அண்டை நாட்டு நகரமான டோக்கியோவோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே 1967-இல், தேர்வில் வென்றவர்களை இரண்டு அல்லது மூன்று அரசு உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்த ஒரு தொகுதிக்கு எடுத்து, அத்தொகுதிக்குள் சமமாகப் பகிர்ந்தனுப்பும் ‘பள்ளித் தொகுதி’ முறை வந்தது. புகழ்பெற்ற ஹிபியா உயர்நிலைப் பள்ளி, குடான், மிட்டா என்னும் வேறிரு பள்ளிகளோடு சேர்க்கப்பட்டது. ஹிபியாவில் இடம் உறுதியில்லை என்றானதும், வசதியும் முனைப்பும் உள்ள குடும்பங்கள் இம்முறைக்கு வெளியே நின்ற தனியார் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தேசியப் பள்ளிகளையும் நாடின. 1964-இல் 193 பேரை டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய ஹிபியா, 1990களின் தொடக்கத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த முறை கைவிடப்பட்டிருந்தது. டோக்கியோவின் அந்தக் கதவைச் சியோல் முன்கூட்டியே அடைத்துவிட்டது எனலாம். தனியார் பள்ளியும் குலுக்கலுக்குள் இருக்கும்போது, பணத்தால் பள்ளியை வாங்க முடியாது.

ஆனால் முகவரியை வாங்க முடியும். குலுக்கல் நகரம் முழுவதையும் ஒரே தொட்டியில் இடவில்லை. குழந்தைகள் நெடுந்தொலைவு பயணம் செய்யக் கூடாது என்ற முற்றிலும் நியாயமான காரணத்தால் வட்டாரங்களுக்குள்ளேயே நடந்தது. பழைய பள்ளிகள் ஹான் ஆற்றின் வடகரையிலுள்ள நகர மையத்தில் குவிந்திருந்ததால், தொடக்கத்தில் மையப்பகுதி எல்லோருக்கும் உரிய பொது வட்டாரமாக வைக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் அரசு வேறொரு காரியத்திலும் மும்முரமாக இருந்தது: வடகொரிய எல்லைக்கு அஞ்சத்தக்க அளவு அருகில், ஆற்றின் வடக்கே நெருங்கிக் கிடந்த மக்கள்தொகையைத் தெற்கே நகர்த்தும் பொருட்டு, வயல்வெளியாகக் கிடந்த கங்னம் பகுதியில் அகன்ற சாலைகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் எழுப்பியது. குடிபெயர மக்கள் தயங்கினர். தயக்கத்தைப் போக்க அரசு கண்ட வழி பள்ளிகளை முதலில் நகர்த்துவது. முன்னாள் மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, 1976-இல் கியொங்கி உயர்நிலைப் பள்ளி புக்சோனிலிருந்து கங்னமின் சம்சொங் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டது; அது விட்டுச்சென்ற கட்டடங்கள் மறு ஆண்டு பொது நூலகமாயின. 1978-இல் ஹ்வீமுன் உயர்நிலைப் பள்ளியும், 1980-இல் சியோல் உயர்நிலைப் பள்ளியும் சுக்மியொங் மகளிர் பள்ளியும், 1988-இல் கியொங்கி மகளிர் பள்ளியும் தெற்கே சென்றன.

1980-இல் பொது வட்டாரத்தின் பங்கு ஒடுக்கப்பட்டு, குடியிருப்பை அடிப்படையாகக் கொண்ட ஒன்பது வட்டாரங்களாக நகரம் பிரிக்கப்பட்டபோது, இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று சந்தித்தன. கங்னம் அடங்கிய எட்டாம் வட்டாரத்தில் இடம்பெயர்ந்த பழம்பெரும் பள்ளிகள் இருந்தன. புதிய அடுக்குமாடிகளில் குடியேறிய அதிகாரிகள், மருத்துவர்கள், நிறுவன மேலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இருந்தனர். அங்கே உருண்டை எந்த எண்ணில் விழுந்தாலும் விழும் பள்ளி நல்ல பள்ளியே. ‘எட்டாம் வட்டாரம்’ என்பது நிர்வாகக் குறியீடாக இருந்த நிலை மாறி, சமூகத் தகுதியையும் வீட்டு விலையையும் குறிக்கும் சொல்லாயிற்று. பள்ளியைத் தேடிக் குடும்பங்கள் வந்தன, குடும்பங்களைத் தேடித் தனிப்பயிற்சி நிலையங்கள் வந்தன. அவற்றுள் மிகுதியானவை தேச்சி பகுதியில் குவிந்தன. 1980 ஜூலையில் புதிய ராணுவ ஆட்சி தனிப்பயிற்சியையே சட்டத்தால் தடை செய்தும் அது மறைவாகத் தொடர்ந்தது. அந்தத் தடையை 2000 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது.

வீடு வாங்க இயலாதோரும், வாங்க விரும்பாதோரும் ‘போலிக் குடிமாற்றம்’ என்ற வழியைக் கண்டனர். கொரியாவில் ஒவ்வொரு குடிமகனின் முகவரியும் உள்ளாட்சி அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். அந்தப் பதிவை உறவினர் வீட்டுக்கோ அறிமுகமானவர் வீட்டுக்கோ மாற்றிவிட்டு, உண்மையில் பழைய வீட்டிலேயே வாழ்வது இதன் உள்ளடக்கம். எட்டாம் வட்டாரத்தில் நெருக்கம் மிகுந்தபோது, அங்கு எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார் என்பதைக் கணக்கிட்டு, அண்மையில் வந்தவர்களைப் பிற வட்டாரங்களுக்கு அனுப்பும் விதி வந்தது. அவ்விதி போலிப் பதிவை ஒழிக்காமல், அதை மேலும் சில ஆண்டுகள் முன்கூட்டிச் செய்யத் தூண்டியது. 2000-க்குப்பின் உயர் பதவிக்கு முன்மொழியப்படுவோரை நாடாளுமன்றம் விசாரிக்கும் வழக்கம் ஏற்பட்டபோது, கட்சி வேறுபாடின்றி ஒருவர் பின் ஒருவராக இக்குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர். பின்னர் அதிபரான லீ மியுங்-பாக்கும் 2007-இல், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காக முகவரியை மாற்றியதை ஒப்புக்கொண்டார். அப்பழக்கம் எந்த வகுப்பினரிடம் வேரூன்றியிருந்தது என்பதை நாடாளுமன்றப் பதிவேடுகளே போதிய அளவு கூறுகின்றன.

குலுக்கலை எதிர்த்த பெற்றோர் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதம் வேறு. தம் பிள்ளைக்கு ஏற்ற பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, குடியிருக்கும் இடத்தைக் கொண்டு அவ்வுரிமையை அரசு பறிக்க முடியாது என்றனர். 1995-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டும், மிகையான போட்டியைத் தணித்து நகர, கிராம வேறுபாட்டைக் குறைக்கும் நோக்கத்துக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. 2009-இலும் ஏறக்குறைய அதே முடிவையே மீண்டும் கூறியது. நீதிமன்றம் எடைபோட்டது தேர்வுரிமையையும் சமத்துவத்தையும் மட்டுமே. எல்லைக்கோட்டை எங்கே, எந்த அளவுகோலால் வரைவது என்ற கேள்வி நிர்வாகத்தின் தனியுரிமையாகவே விடப்பட்டது. உண்மையில் நியாயத்தின் பெரும்பகுதி தங்கியிருந்த இடம் அதுதான்.

தனியார் பள்ளிகளைக் குலுக்கலில் சேர்த்ததன் விலை மிகத் தாமதமாக வெளிப்பட்டது. உருண்டை சமயம் பார்த்து விழுவதில்லையாதலால், பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை கிறித்தவப் பள்ளிக்கும் நம்பிக்கையற்றவர் சமயப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டனர். 2004-இல் சியோலின் தேக்வாங் உயர்நிலைப் பள்ளியில் கட்டாய வழிபாட்டை எதிர்த்த மாணவர் ஒருவர் வெளியேற்றப்பட்டு, உண்ணாநோன்பு இருந்து, வழக்கும் தொடுத்தார். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: மாணவர் தாமே விரும்பி வராமல் அரசால் அனுப்பப்பட்டிருக்கையில், அவர்மீது சமயக் கல்வியைத் திணிக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1974-இல் இழந்த பள்ளிகள் தம் இயல்பையும் இதனால் பாதி இழந்தன என்று சமயப் பள்ளி நிர்வாகிகள் குறைகூறியது முற்றிலும் பொருளற்றதன்று.

இதற்கிடையே கைப்பெட்டி மறைந்து கணினி வந்திருந்தது. கணினி விரைவானது, ஆனால் தன் கண்முன் சுழன்ற பெட்டியின்மீது குடும்பங்கள் வைத்த நம்பிக்கையை அதன்மீது வைக்கவில்லை. 2002 பிப்ரவரியில், சியோலைச் சுற்றியுள்ள கியொங்கி மாகாணத்தின் சில நகரங்களில் முதன்முறையாக இம்முறை நடைமுறைக்கு வந்தபோது நிரல் பிழையால் மாணவர்கள் தவறாக ஒதுக்கப்பட்டு, அறிவித்த முடிவை விலக்கிக்கொண்டு மறுபடியும் ஒதுக்க நேர்ந்தது; பெற்றோர் அலுவலகத்தில் திரண்டனர். முள்ளங்கிச் சாறு விவகாரத்தில் கேட்ட குரலின் எதிரொலி அங்கும் கேட்டது.

உச்சிப் பள்ளிகளும் நெடுங்காலம் இல்லாமல் இருக்கவில்லை. 1983 முதல் அறிவியல் உயர்நிலைப் பள்ளிகளும், அடுத்து அயல்மொழி உயர்நிலைப் பள்ளிகளும் ‘சிறப்பு நோக்கப் பள்ளிகள்’ என்ற பெயரில் குலுக்கலுக்கு வெளியே தோன்றின. 2010-இல் ‘தன்னாட்சித் தனியார் பள்ளிகள்’ வந்தன. பொதுப் பள்ளிகளின் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு வரை பெற அவை அனுமதிக்கப்பட்டன. சியோலில் அவற்றின் சேர்க்கை முறையே குலுக்கலின் நியாயத்தைப் பற்றிய பாடம் போன்றது: முதல் சில ஆண்டுகளில், நடுநிலைப் பள்ளி மதிப்பெண் வரிசையின் மேல் பாதியில் உள்ளோர் மட்டும் விண்ணப்பிக்கலாம், அவர்களுள் குலுக்கல் நடக்கும். பெட்டி நேர்மையாகச் சுழன்றது; மதிப்பெண்ணின் கீழ்ப் பாதியும் கட்டணம் செலுத்த இயலாதோரும் பெட்டிக்குள் இல்லை. 2009-இல் சியோலில் தொடங்கிய பன்னாட்டு நடுநிலைப் பள்ளிகளில் ஆவணங்களால் வடிகட்டி இறுதியில் சீட்டெடுத்தனர். 2013-இல் அவற்றுள் ஒன்றில் வடிகட்டும் கட்டத்தில் மதிப்பெண்கள் திருத்தப்பட்டது அம்பலமானபின், வடிகட்டலை நீக்கி முழுவதும் குலுக்கலுக்கு மாற்றினர். முறைகேடு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதைக் கவனித்தால், எந்தக் கட்டம் நீக்கப்பட்டது என்பதன் காரணம் விளங்கும்.

தன்னாட்சித் தனியார் பள்ளிகள் வந்த அதே 2010-இல் சியோல் கல்வி அலுவலகம் எல்லைக்கோட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்த்தது. ‘பள்ளித் தேர்வு முறை’ எனப்பட்ட அதன்படி, ஒவ்வொரு பள்ளியும் தன் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கை நகரின் எந்த மூலையிலிருந்தும் விரும்பி விண்ணப்பிப்போரிடையே குலுக்கித் தரும். ஐந்தில் இரு பங்கைத் தன் வட்டாரத்தில் விரும்புவோரிடையே குலுக்கும். எஞ்சியதை முகவரியையும் போக்குவரத்தையும் கருதி அலுவலகமே நிரப்பும். வடகரையின் ஏழைக் குடியிருப்பில் வாழும் மாணவரும் கங்னம் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை முப்பதாண்டுகளுக்குப்பின் காகிதத்திலேனும் திரும்பியது. ஆனால் நாள்தோறும் ஆற்றைக் கடந்து போய்வரும் நேரமும், அங்கு சூழ்ந்துள்ள பயிற்சி நிலையங்களின் செலவும் அப்படியே இருந்தன. பள்ளியின் இடம் பொதுவாக்கப்பட்டாலும் அந்தப் பள்ளியை விரும்பத்தக்கதாக்கிய சூழல் பொதுவாகவில்லை.

2019-இல் மூன் ஜே-இன் அரசு, தன்னாட்சித் தனியார் பள்ளிகளையும் அயல்மொழிப் பள்ளிகளையும் 2025-க்குள் பொதுப் பள்ளிகளாக மாற்றிவிடும் முடிவை எடுத்தது. அதற்கு எதிரணியில் நின்ற யூன் சுக்-யோல் அரசு 2024 ஜனவரியில் அம்முடிவை நீக்கி அப்பள்ளிகளைத் தொடரச் செய்தது. அதே ஆண்டில், பிறப்பு வீதம் உலகிலேயே மிகக் குறைந்த நாடாகிவிட்ட கொரியாவின் தலைநகரில், மாணவர் பற்றாக்குறையால் தோபொங் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டு வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. சியோலில் இக்காரணத்தால் மூடப்பட்ட முதல் பொது உயர்நிலைப் பள்ளி அதுவே. அப்பள்ளி நகரின் வடகோடியில் இருந்தது. தெற்கே கங்னமில் வகுப்பறைகள் நெரிசலாகவே இருப்பதால், ஆற்றின் இரு கரைகளையும் ஒரே வட்டாரமாக்கிக் குலுக்கலாமா, அல்லது கங்னம் வகுப்புகளின் அளவைக் குறைத்து மாணவரை வடக்கே அனுப்பலாமா என்ற கேள்வி, 1974-இன் திட்டத்தை வரைந்தவர்கள் ஒத்திவைத்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது.